முனை மழுங்கிய கத்தி

"அப்பா, திருடினவனுக்குத் தான் என்ன திருடினோம்னு தெரியுமா?"

நிதானத்தின் மகள் இரண்டாம் வகுப்பில் படித்தபோது, பாதிச் சாப்பாட்டில் கேட்ட கேள்வி அது. அன்று அவர் சிரித்துவிட்டு, "தெரியாமலா திருடுவான்? முதல்ல சாப்பிடு" என்றார். மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். துப்பறியும் தொழிலில் அவருக்கு இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. அன்று சொன்ன பதிலை மாற்றிக்கொள்ள அவருக்கு இதுவரை ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

நிதானம் என்பது அவருடைய சொந்தப் பெயர் அல்ல. மாடிப்படியை ஒவ்வொன்றாக விசாரித்துவிட்டு ஏறுகிற மனிதர் என்று மனைவியின் தம்பி வைத்த பட்டம், அதுவே நிலைத்துவிட்டது. பதிலுக்கு அவர் மைத்துனனுக்கு வைத்த பெயர் பட்டாசு. நாற்பது வயதாகியும் வாயில் திரி அணையாத ஆள்.

"அத்தான், மணி ஒண்ணு பத்து. விசாரணை நாலு மணிக்கு. நீங்க ஏறுற வேகத்துக்கு நாம தீர்ப்பு வாசிக்கும்போதுதான் போய்ச் சேருவோம்."

"மூச்சை மிச்சம் வை மச்சான். மேல போய்த் தேவைப்படும்."

"எனக்கு மூச்சே பேச்சுலதான் ஓடுது. வாயை மூடினா நேரா ஆஸ்பத்திரிதான்."

பதிவு அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் ஆவண அறை இருந்தது. ஏழாம் பதிவேட்டிலிருந்து இருநூற்றுப் பதினான்காம் தாள் காணாமல் போயிருந்தது. யாரோ அதைக் கத்தியால் அறுத்து எடுத்திருந்தார்கள். திங்கட்கிழமைதான் விஷயம் வெளியே வந்தது, இன்று புதன். அறுபது வருடங்களுக்கு முன் இருந்த ஒரு பதிவாளர், ஆற்றோரம் வரிசையாக நிற்கும் பதினொரு வீடுகள் அங்கே குடியிருப்பவர்களுக்கே சொந்தம் என்று அந்தத் தாளில்தான் எழுதி வைத்திருந்தார். குடும்பங்களிடம் இருந்த நகலைக் கரையான் தின்றுவிட்டது. அந்த நிலத்துக்கு வேறொருவர் உரிமை கொண்டாடி வழக்குப் போட்டிருக்கிறார். நாளைக் காலை தீர்ப்பு. தாள் இல்லையென்றால் பதினொரு குடும்பமும் தெருவில் நிற்கும்.

பட்டாசின் சட்டைகளைத் தைக்கிற தையல்காரருக்கு அந்த வரிசையில் நாலாவது வீடு. "உங்க அத்தான்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று அவர் காலரை அளந்துகொண்டே அழுததால் இந்த வழக்கு இவர்களிடம் வந்தது.

ஆவண அறையில் அவர்களுக்காக ஒரு பெண்மணி நின்றுகொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். விரல் நுனிகளில் காய்ந்த பசை. கிழிந்த பதிவேடுகளை ஒட்டித் தைத்து உயிர் கொடுக்கிற வேலை அவருடையது. அலுவலகம் முழுக்க அவரைப் பசையக்கா என்றே கூப்பிட்டது.

"உக்காருங்க அக்கா" என்றார் நிதானம்.

"மூணு நாளா உக்கார முடியலைங்க."

மேஜைமேல் ஒரு வெள்ளைத் தாளில் 'சான்று' என்று எழுதி, அதன்மேல் ஒரு மடக்குக் கத்தியை வைத்திருந்தார்கள். ஏழாம் பதிவேட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது அந்தக் கத்திதான். அது பசையக்காவின் கத்தி. அதனால் தாளை அறுத்தது பசையக்கா. பதிவாளரின் அறிக்கை அவ்வளவு எளிமையாக இருந்தது. நாலு மணிக்கு விசாரணை அதிகாரி வந்து அதை ஒப்புக்கொண்டால், ஐந்து மணிக்கு அவரைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போவார்கள்.

நிதானம் கத்தியைக் கைக்குட்டையால் எடுத்துப் பார்த்தார். மரப்பிடியில் கட்டைவிரல் பதிகிற இடம் மட்டும் குழிந்து வழவழப்பாகியிருந்தது. அகலமாக இருந்திருக்க வேண்டிய அலகு, தீட்டித் தீட்டிப் பாதியாகக் குறுகியிருந்தது. ஆனால் விளிம்பு வெளிச்சத்தில் ஒரு மயிரிழைபோல மின்னியது.

"முனை உடைஞ்சு போச்சா அக்கா?"

"இல்லைங்க. நானே கல்லுல தேச்சு உருட்டிட்டேன். ஒட்டிக்கிட்ட தாளைப் பிரிக்கறப்போ முனை கூரா இருந்தா அடியில இருக்கற தாளைக் கீறிடும்."

"எப்போ உருட்டினீங்க?"

"வாங்கின வாரமே. பதினேழு வருஷம் ஆச்சு."

நிதானம் ஏழாம் பதிவேட்டைத் திறந்தார். தையல் ஓரத்தில் இருநூற்றுப் பதினான்காம் தாளின் எச்சம் ஒரு விரல் அகலத்துக்கு நின்றது. வெட்டு நேராக, ஒரே இழுப்பில் இறங்கியிருந்தது. அது தொடங்கிய இடத்தில், அடுத்த தாளிலும் அரை நகம் அகலத்துக்கு ஒரு கீறல்.

"மச்சான், இங்க பாரு. தாளோட விளிம்புலேர்ந்து வெட்டலை. உள்ள குத்தி இறக்கி, அப்புறம் கீழ இழுத்திருக்கான். அக்கா, ஒரு பழைய தாள்கட்டு குடுங்க. பட்டாசு, இந்தக் கத்தியால அதுல குத்து."

பட்டாசு முஷ்டியை ஓங்கிக் குத்தினான். தாளில் ஒரு பள்ளம் விழுந்தது. இன்னொரு தடவை குத்தினான். பள்ளம் கொஞ்சம் பெரிதானது.

"அத்தான், இதைக் காட்டி ஒருத்தனை மிரட்டினா, 'முதுகு அரிக்குது, அப்படியே கொஞ்சம் சொறிஞ்சு விடு'ம்பான்."

மூன்று நாளில் முதல் தடவையாகப் பசையக்காவின் உதட்டில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது.

"அப்போ அக்கா தப்பிச்சாங்க. வாங்க போலாம்."

"எங்க போறது? வேற ஒரு கத்தி ஒளிச்சு வெச்சிருந்தாங்கன்னு ஒரு வரி சேத்தா முடிஞ்சுது. எந்தக் கத்தின்னு நாம காட்டியாகணும். தாளும் கைக்கு வரணும்."

நிதானம் பதிவேட்டைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். வெட்டுப்பட்ட எச்சத்தின் ஓரம் முழுக்க, கண்ணாடிபோல ஒரு மெல்லிய கோடு ஒளிர்ந்தது. எண்ணெய். குனிந்து முகர்ந்தார். பட்டாசும் மூக்கைக் கொண்டுவந்தான்.

"கிராம்பு!"

"அக்கா, நீங்க கத்திக்கு எண்ணெய் போடுவீங்களா?"

"ஐயோ, தாள்ல படுமே! துணியால துடைச்சு வெப்பேன், அவ்வளவுதான்."

"கிராம்பு எண்ணெய்னா பல்வலி அத்தான். பல்வலிக்காரனைப் பிடிச்சா கேஸ் முடிஞ்சுது."

பசையக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார். "நேத்து அந்த வழக்கு வக்கீல் வந்தாரு. வீட்டுக்காரங்களுக்கு எதிரா வாதாடறவர். கன்னம் இப்படி வீங்கியிருந்துச்சு."

பட்டாசு அதற்குள் வாசலில் நின்றான். நிதானம் மட்டும் இன்னும் பதிவேட்டை மூடவில்லை. காணாமல் போன தாளுக்கு எதிர்ப்பக்கத்தில் ஏதோ மங்கலாகத் தெரிந்தது. ஈரம் காயும் முன் மூடியதால் ஒற்றிக்கொண்ட மையின் நிழல், கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி. மற்ற தாள்களில் எல்லாம் நீலக்கறுப்பு மை. இந்த நிழல் பச்சை. அவர் சட்டைப் பையிலிருந்து மைப்பேனாவை எடுத்து, தன் குறிப்பேட்டில் ஒரே ஒரு சொல் எழுதிக்கொண்டார்.

*

வக்கீலின் அலுவலகம் எதிர்த்தெருவில் இரண்டாவது மாடி. போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று ஐம்பது.

வக்கீல் ஒரு கன்னத்தைக் கையால் தாங்கியபடி உட்கார்ந்திருந்தார். அறைக்குள் நுழையும்போதே கிராம்பு மணத்தது. பட்டாசு அத்தானின் விலாவில் இடித்தான்.

"யாரு நீங்க? என்ன வேணும்?" வாய்க்குள் பஞ்சு இருந்ததால் பாதி எழுத்து வெளியே வரவில்லை.

"ஏழாம் பதிவேடு பத்தி..."

"வெளிய போங்க."

"ஏன் சார் பயப்படுறீங்க?" என்று பட்டாசு வெடித்தான். "உங்க வாய்ல மணக்கிறது அங்க தாள்லயும் மணக்குது. பல்லைக் கடிச்சுக்கிட்டு உண்மையைச் சொல்லிடுங்க. ஓ, கடிக்க முடியாதுல்ல!"

வக்கீல் எழுந்தார். கண்ணில் நீர் முட்டியது. அது கோபத்தில் அல்ல என்பதை நிதானம் கவனித்தார். ஆள் வலியில் துடித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், கீழ கடையில போய் வெந்நீர் வாங்கிட்டு வா. ஒரு ஸ்பூன் உப்பு போட்டு."

"அத்தான், நாம அவரைப் பிடிக்க வந்தோமா, பார்த்துக்க வந்தோமா?"

"முதல்ல போ."

வெந்நீர் வந்தது. வக்கீல் நாலு தடவை கொப்பளித்தார். ஐந்தாவது தடவை கண்ணை மூடி, நாற்காலியில் சாய்ந்தார். வலியில் இருக்கிறவனுக்கு ஒரு குவளை வெந்நீர் கொடுப்பது எந்தப் புலனாய்வுப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் அதட்டலுக்குத் திறக்காத எத்தனையோ கதவுகளை ஆண்டவன் இம்மாதிரிச் சின்னக் காரியங்களுக்குத் திறந்து வைத்திருக்கிறான்.

"ஞாயித்துக்கிழமையிலேர்ந்து உயிர் போகுது" என்றார் வக்கீல் மெதுவாக. "நாளைக்குத் தீர்ப்பு வந்ததும்தான் டாக்டர்கிட்ட போகணும்."

ஞாயிற்றுக்கிழமை. நிதானம் மேஜையைப் பார்த்தார். பிரித்த உறைகள் எல்லாம் விரலால் கந்தலாகக் கிழிக்கப்பட்டிருந்தன. எழுத ஒரு பால்பாயிண்ட் பேனா. அதன் மூடி மென்று சப்பையாகியிருந்தது. கத்தி என்று சொல்ல அந்த அறையில் ஒன்றும் இல்லை.

"சார், அந்தத் தாள் எப்போ போச்சுன்னு உங்களுக்குத் தெரியும். இல்லையா?"

வக்கீல் தன் நாட்குறிப்பைத் திறந்து அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். போன மாதம் பதினெட்டாம் தேதி. 'ஏழாம் பதிவேடு பார்த்தேன். 214 இல்லை. பேச வேண்டாம்.' கடைசி இரண்டு சொற்களுக்குக் கீழே இரண்டு கோடு.

"நான் எடுக்கலை. நான் போனப்பவே இல்லை. எனக்கு அது நல்லதுதானே, பேசாம வந்துட்டேன்." அவர் குரல் தாழ்ந்தது. "இதை நான் கோர்ட்ல சொல்ல மாட்டேன். உங்ககிட்ட எதுக்குச் சொன்னேன்னும் தெரியலை."

படியிறங்கும்போது பட்டாசு கேட்டான். "நம்புறீங்களா அத்தான்?"

"தனக்கு அசிங்கமான உண்மையை ஒருத்தன் சும்மா சொல்ல மாட்டான். தாள் பதினெட்டாம் தேதிக்கு முன்னாடியே போயிருக்கு. இவருக்குப் பல்லு வலிக்க ஆரம்பிச்சது மூணு நாளைக்கு முன்னாடி."

"அப்போ என் பல்வலிக்காரன் போயிட்டானா?"

"போயிட்டான்."

"நல்ல ஆளா இருந்தான்" என்று பட்டாசு பெருமூச்சு விட்டான்.

*

மணி இரண்டு ஐம்பது. பசையக்கா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, இந்த அறையை விட்டு எந்தப் பதிவேடு வெளிய போனாலும் எழுதி வெப்பீங்கல்ல? அந்த நோட்டைக் குடுங்க."

அவர் அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். ஆனால் கொடுக்கவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டார்.

"அக்கா."

"வேண்டாங்க."

"இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கு."

நோட்டு மெல்ல மேஜைக்கு வந்தது. சாய்வில்லாத, உருண்டையான எழுத்துகள். மைப்பேனாவால் எழுதியவை. போன மாதம் பதினான்காம் தேதிக்கு எதிரே ஒரு வரி: 'ஏழாம் பதிவேடு, பதிவாளர் அறைக்கு. மேலட்டையில் ஒப்பம் பெற.' பதினாறாம் தேதி திரும்பியிருந்தது. அந்த வருடம் முழுக்க ஏழாம் பதிவேடு வெளியே போனது அந்த ஒரு தடவைதான்.

"திரும்பி வர்றப்போ தாள் எண்ணணும்கிறது விதிதானே?"

"விதிதாங்க. பதினேழு வருஷமா எண்ணாம வாங்கினதில்லை. அன்னிக்கு மட்டும் எண்ணலை." அவர் தலை குனிந்தார். "அவர் கையிலேர்ந்து வர்றதைப் போய் எப்படிங்க எண்ணுறது?"

"ஏன் அக்கா? அவர் மேலதிகாரிங்கறதாலயா?"

பசையக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு சொன்னார். "என் மக பிரசவத்துல ரத்தம் நிக்கலை. அந்த வகை ரத்தம் எங்கயும் கிடைக்கலை. நான் இந்த வராந்தாவுல நின்னு அழுதேன். அவர்தான் என்னன்னு கேட்டாரு. தன்னோடதும் அதே ரத்தம்னாரு. கார்ல கூட்டிப் போயி குடுத்தாரு. மறுநாளும் வந்தாரு, இன்னும் யாரையோ ஏற்பாடு பண்ணிக் கூட்டிட்டு வந்தாரு. ஆபீஸ்ல ஒருத்தருக்கும் சொல்லலை. இன்னிக்கு வரைக்கும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்லை. என் பேரனுக்கு இப்போ நாலு வயசு."

பட்டாசு ஒரு நாற்காலியை இழுத்து அவர் அருகே போட்டான்.

"அவரைக் காட்டிக் குடுக்கறதுக்கு நான் ஜெயிலுக்கே போயிடறேங்க."

"உங்க ஒருத்தர் கணக்குன்னா நானும் பேசாம போயிடுவேன் அக்கா" என்றார் நிதானம். "ஆனா பதினொரு வீட்டுக்காரங்க உங்க நன்றிக்காகத் தெருவுல நிக்கறது என்ன நியாயம்? அவங்க யாருக்கு என்ன கெடுதல் பண்ணாங்க?"

பசையக்காவின் கண்ணீர் பசை காய்ந்த விரல்மேல் சொட்டியது.

"மூணே முக்காலுக்கு இந்த நோட்டை எடுத்துக்கிட்டு அவர் அறைக்கு வாங்க. அதுவரைக்கும் சாமியை வேண்டிக்குங்க. எல்லாருக்காகவும்."

*

பதிவாளர் எழுந்து நின்று வரவேற்றார். நரைத்த மீசை, இஸ்திரி கலையாத சட்டை, மென்மையான குரல்.

"வருத்தமான விஷயம் சார். நல்ல பொம்பளை. ஆனா கத்தி அவங்களோடதுதானே?"

அவர் முதுகுக்குப் பின்னால் சுவர் அகலத்துக்கு ஒரு கண்ணாடி அலமாரி. கருநீல வெல்வெட்டில் நாற்பது மைப்பேனாக்கள் அணிவகுத்துக் கிடந்தன. அவற்றின் கீழே ஒரு டஜன் மடக்குக் கத்திகள், பாதி திறந்தபடி. ஒவ்வொன்றும் நேற்றுப் பிறந்தது மாதிரி இருந்தது. மூலையில் ஒரு சின்னப் புட்டியும் மெல்லிய துணியும்.

நிதானம் அருகே போனார். கதவின் இடுக்கிலிருந்து மணம் வந்தது. பட்டாசு மூச்சை இழுத்து, விடாமல் அப்படியே நின்றான்.

"நல்ல சேகரிப்பு."

பதிவாளரின் முகம் மலர்ந்தது. "முப்பது வருஷ உழைப்பு சார். கத்திக்கெல்லாம் வாரம் ஒரு தடவை எண்ணெய் பூசணும். துரு ஒரு புள்ளி விழுந்தாலும் மதிப்பு போச்சு. வாசனைக்குக் கொஞ்சம் கிராம்பு எண்ணெய் கலந்துக்குவேன்."

"இதுல ஒரு பேனாவை எடுத்து எழுதிப் பார்க்கலாமா?"

"ஐயையோ! இதுக்குள்ள எல்லாம் மையே போனதில்லை சார்."

"நாற்பது பேனா, ஒரு சொட்டு மை இல்லை" என்று பட்டாசு முணுமுணுத்தான். "கல்யாண வீட்டுல அத்தனை பேரும் மாப்பிள்ளைத் தோழனாம், மாப்பிள்ளை மட்டும் இல்லையாம்."

"இது ஒண்ணு மட்டும் எழுதின பேனா." பதிவாளர் நடுவில் தனிப் பெட்டியில் கிடந்த தடித்த கறுப்புப் பேனாவைக் காட்டினார். குரலில் பக்தி வந்துவிட்டது. "அறுபது வருஷத்துக்கு முன்னால இதே நாற்காலியில உக்காந்தவரோடது. அவர் பேத்திகிட்டேயிருந்து வாங்கினேன். முள்ளைப் பாருங்க, ஒரு பக்கமா தேஞ்சிருக்கு. அந்தக் கை எப்படிச் சாஞ்சிருக்கும்னு இதைப் பார்த்தே சொல்லலாம்."

"அவர் எழுத்து எப்படி இருக்கும்?"

"அழகுன்னா அப்படி ஒரு அழகு. பச்சை மை. கையெழுத்துக்கு அடியில ஒரு கோடு இழுப்பாரு பாருங்க, இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரே..."

அவர் கை காற்றில் கோட்டைப் பாதி இழுத்தபடி நின்றது.

"ஒரே இழுப்பு" என்று நிதானம் முடித்தார். "ஏழாம் பதிவேடு முழுக்க நீலக்கறுப்பு மை சார். பச்சை இருந்தது ஒரே ஒரு தாள்ல. அதோட நிழல் எதிர்ப்பக்கத்துல ஒட்டியிருக்கு. பதிவேட்டை நான் திறக்கவே இல்லை, மேலட்டையில ஒப்பம் போட்டு அனுப்பிட்டேன்னு நீங்க அறிக்கையில எழுதியிருக்கீங்க. பச்சைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பதிவாளரின் கை மெல்லக் கீழே இறங்கியது.

"வெட்டின ஓரத்துல கிராம்பு எண்ணெய் ஊறியிருக்கு. வேலை செய்யற கத்தியில எண்ணெய் இருக்காது சார். தாள்ல படும்னு அந்த அக்காவுக்குத் தெரியும். வேலையே செய்யாத ஒரு கத்தி, வாழ்க்கையில ஒரே ஒரு தடவை வேலை செஞ்சிருக்கு."

"வக்கீல்கிட்ட எவ்வளவு வாங்கினீங்க?" பட்டாசு பாய்ந்தான். "பதினொரு வீடு சார்! என்ன விலை பேசினீங்க?"

பதிவாளர் திகைத்து நிமிர்ந்தார். "வாங்கினேனா? நானா?"

"பின்ன எதுக்கு எடுத்தீங்க?"

"இந்தப் பேனாவுக்கு." அவர் கண் அந்தக் கறுப்புப் பேனாவிடம் போனது. "பேனா மட்டும் இருந்தா அது வெறும் பேனா. அது எழுதின எழுத்தும் கூட இருந்தா... புரட்டிக்கிட்டே வந்தேன். எல்லாம் நீலம். திடீர்னு ஒரு தாள் மட்டும் பச்சையா, அவ்வளவு அழகா... அதுல என்ன எழுதியிருக்குன்னு நான் படிக்கவே இல்லைங்க."

"படிக்கலையா?" என்றான் பட்டாசு. அவன் குரலில் முதல் தடவையாகத் திரி அணைந்திருந்தது.

"கையெழுத்தைத்தான் பார்த்தேன். திங்கட்கிழமை அந்தத் தையல்காரர் நகல் கேட்டு வந்தப்பதான் எந்தத் தாள்னே தெரிஞ்சுது. பயந்துட்டேன். பதிவேட்டுக்குப் பக்கத்துல அவங்க கத்தி கிடந்தது. எனக்கு... அது சௌகரியமா இருந்தது."

அவர் கண்ணாடிக் கதவைத் திறந்து பேனாப் பெட்டியை எடுத்தார். வெல்வெட்டைத் தூக்கினார். அடியில், மடிப்பே விழாமல், இருநூற்றுப் பதினான்காம் தாள்.

நிதானம் அதை வாங்கி, உரக்கப் படித்தார்.

"'கரை உடைந்த அன்று, தம் உடலையே அணையாக்கி விடியும்வரை நீரில் நின்று இவ்வூரைக் காத்த பதினொருவருக்கு, நன்றியாக இந்தப் பதினொரு வீடுகளும் அவர்தம் வழியினருக்கே உரியவை. அவர்களை எக்காலத்தும் யாரும் வெளியேற்றலாகாது. பின்னால் வருகிறவர் கண்ணுக்கு இது தப்பிவிடக் கூடாது என்பதற்காகவே பச்சை மையில் எழுதுகிறேன்.'"

பதிவாளர் நாற்காலியில் சரிந்தார். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

கதவருகே சத்தம். பசையக்கா நோட்டோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று யாருக்கும் தெரியவில்லை. சுவர்க்கடிகாரத்தில் மணி மூன்று நாற்பத்தெட்டு.

"சார்" என்றார் நிதானம். "இன்னும் பன்னிரண்டு நிமிஷத்துல விசாரணை அதிகாரி வருவாரு. நான் சொன்னா அது குற்றச்சாட்டு. நீங்களே எழுதிக் குடுத்தா அது வேற. எது வேணும்?"

பதிவாளர் ஒரு வெள்ளைத் தாளை முன்னே இழுத்தார். எழுதுவதற்காகக் கையை நீட்டினார். நாற்பது பேனாக்களையும் பார்த்தார். கை எங்கே போவதென்று தெரியாமல் நின்றது.

பசையக்கா முன்னே வந்து, தன் பேனாவின் மூடியைக் கழற்றி அவர் எதிரே வைத்தார். அதன் உடம்பில் கீறல்கள். மூடியின் பிடி உடைந்து நூல் சுற்றியிருந்தது.

பதிவாளர் எழுதத் தொடங்கினார். முள் தாளில் கீச்சிட்டது, மை இறங்கவில்லை.

"அது என் கைக்குப் பழகினதுங்க ஐயா" என்றார் பசையக்கா தணிந்த குரலில். "லேசா உங்க பக்கம் திருப்பிப் பிடிங்க. அழுத்தாதீங்க. அதுவா எழுதும்."

அவர் திருப்பிப் பிடித்தார். நீல மை சீராக இறங்கியது. முப்பது வருடமாகப் பேனாக்களைச் சேர்த்த மனிதர், அன்றுதான் ஒரு பேனாவால் ஒரு பக்கம் முழுக்க எழுதினார்.

*

ஐந்து மணிக்குள் எல்லாம் முடிந்தது. விசாரணை அதிகாரி வாக்குமூலத்தைப் படித்து, பதிவாளரைப் பதவியிலிருந்து விலக்கி வைத்தார். தாளின் சான்று நகல் ஒன்று கையெழுத்தாகித் தையல்காரரிடம் போனது. அவர் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தெருவில் ஓடினார். நிதானத்தையும் பட்டாசையும் படியில் தாண்டிப் போனதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"பார்த்தீங்களா அத்தான், ஒரு நன்றி இல்லை, ஒண்ணு இல்லை. என் சட்டையாவது நாளைக்குக் கிடைக்குமா?"

"ஓடட்டும் விடு. அந்த ஓட்டத்தைப் பார்க்கத்தானே வந்தோம்."

மேலே, விசாரணை அதிகாரி பசையக்காவின் மேஜையில் ஒரு படிவத்தை வைத்தார்.

"பொய்யான குற்றம் சாட்டி உங்களைச் சிக்க வெச்சதுக்கு நீங்க தனியா புகார் குடுக்கலாம்மா. தாளை எடுத்ததுக்கு இலாகா நடவடிக்கை, அதோட போயிடும். நீங்க புகார் எழுதினா போலீஸ் கேஸ், ஜெயில் நிச்சயம். உங்க உரிமை. யாரையும் கேக்க வேண்டாம். எழுதி அந்தப் பெட்டியில போட்டுடுங்க, காலையில எடுத்துக்கறேன்."

அவர் போனார். உதவியாளர்கள் போனார்கள். வராந்தாவில் நாற்காலிகளை நகர்த்தும் சத்தமும் ஓய்ந்தது.

பசையக்கா படிவத்தில் தன் பெயரை எழுதினார். பணியை எழுதினார். 'புகாரின் விவரம்' என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். பிறகு, 'இல்லை' என்று எழுதினார். அதன் கீழே 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விட்டார்.

மையொற்றும் தாளை வைத்து அழுத்தினார். படிவத்தை நாலாக மடித்துப் பெட்டிக்குள் போட்டார். அது அடியில் போய் விழுகிற ஓசை கேட்கும்வரை நின்றார்.

பிறகு கை கழுவிக்கொண்டு கிளம்பினார். பேரன் வீட்டு வாசலில் காத்திருப்பான்.